உள்ளே விட்ட துணி

செகண்ட் ஹேண்ட் சட்டை பேண்ட் வாங்கி, வீட்டிலேயே ஆல்டர் செய்து போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால் யாரும் முதலில் தையலைப் பற்றிக் கேட்பதில்லை. "யார் போட்டதோ?" என்பார்கள். கொஞ்சம் நெருங்கிப் பழகியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செத்தவங்க துணியா இருந்துட்டா?" என்பார்கள்.

இருக்கலாம். அண்ணன் சட்டை தம்பிக்கு, மாமா பேண்ட் மருமகனுக்கு என்று வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். தெரிந்தவர் வேர்வை பரவாயில்லை, தெரியாதவர் வேர்வைதான் ஆகாது போலிருக்கிறது. கல்யாண வரவேற்பில் வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையிடம் போய், போன முகூர்த்தத்தில் இதை யார் போட்டிருந்தார் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? துணியை வாங்கி வந்ததும் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயவைக்கிறேன். அதற்குமேல் அந்தக் கேள்வியை நான் சுமப்பதில்லை.

துணி எங்கிருந்து வருகிறது என்பது அதைவிடச் சுவாரசியமான விஷயம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர்கள் தெருவில் வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேண்டும் ஒரு ஜரிகைச் சேலையும் போட்டால் ஒரு தூக்குவாளி, பேரம் படியாவிட்டால் ஒரு கிண்ணம். அந்தப் பேண்ட் அதோடு முடிந்துபோவதில்லை. துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு எங்கேயோ ஒரு சந்தையில் மறுபடி விலைக்கு வரும். நான் வாங்குவது பெரும்பாலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். பழைய டிரங்க் ரோடு நெடுக விரித்துப் போட்டிருக்கும் தார்ப்பாய்களில் ஸ்பானர், சைக்கிள் சீட், செடி, புறா எல்லாவற்றுக்கும் நடுவே துணிக் குவியலும் இருக்கும். சட்டை நூறு ரூபாய்க்குள் முடியும்.

வெளிநாட்டுப் பழைய துணிக்குக் கதை வேறு. அணியக்கூடிய நிலையில் இருக்கும் பழைய துணியை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விற்க முடியாது. வெட்டிக் கந்தலாக்கினால்தான் தாராளமாக உள்ளே வரும். குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வரும் வெளிநாட்டுப் பழைய துணியை மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தரம் பார்த்து மறுபடி ஏற்றுமதி செய்கிறார்கள். வெட்டுப்பட்ட கம்பளித் துணிகள் ஹரியானாவின் பானிபட்டுக்குப் போய் நூலாகிப் போர்வையாகின்றன. இத்தனை கட்டுப்பாட்டையும் மீறி எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் போட்ட கனமான ஜாக்கெட் ஒன்று பல்லாவரம் வெயிலில் கிடப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை, உடம்புதான். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கழுத்து தடிமன், கை குட்டை, தொப்பை சுமாராக. ரெடிமேட் சட்டையில் கழுத்துக்குச் சரியான சைஸ் எடுத்தால் கை விரல்நுனி வரை வரும். கைக்குப் பார்த்து எடுத்தால் மேல்பொத்தான் போட முடியாது. பேண்டில் இடுப்புக்கு எடுத்தால் கால் இரண்டு முழம் தரையில் புரளும். புதுசு வாங்கினாலும் ஆல்டரேஷனுக்குத்தான் போகவேண்டும் என்றால் பழசையே வாங்கினால் என்ன என்று தோன்றியது. வீட்டில் அம்மாவின் உஷா மெஷின் வேறு, மேலே டிவி ரிமோட்டும் மின்சார பில்லும் வைக்கிற மேஜையாகச் சும்மா நின்றிருந்தது.

மெஷினைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தி, 1924-ல் ஒரு உரையாடலில் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று அவர் நம்பினார். நல்ல கதைதான். ஆனால் சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851-ல். அதற்கு முன்னால் 1846-லேயே எலியாஸ் ஹோவ், ஊசியின் முனையில் கண் வைத்து இரண்டு நூலில் பூட்டுத்தையல் போடும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிங்கர் வாழ்க்கையோ ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் நடத்திய வாழ்க்கை. மனைவி மேல் பாசம் என்று சொன்னால், எந்த மனைவி என்று கேட்க வேண்டியிருக்கும். இருந்தாலும் காந்தி கொடுத்த விலக்கு சரியானதுதான் என்பது என் கட்சி.

மெஷினுக்கு எண்ணெய் விட்டு, தோல் பெல்ட் மாற்றி, அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸில் அடைந்திருந்த பஞ்சைத் தட்டியெடுத்தபின் ஓடத் தொடங்கியது. மிதிக்கப் பழகுவது சைக்கிள் பழகுகிற மாதிரி, கால் தானாகக் கற்றுக்கொள்ளும். சக்கரம் நம் பக்கமாகச் சுற்றவேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துபோகும். மெல்லிய சட்டைத் துணிக்கு 11-ம் நம்பர் ஊசி, சாதாரணப் பேண்டுக்கு 14, தடித்த துணிக்கு 16. நூலின் இறுக்கம் (டென்ஷன்), நூல் எல்லாம் நாலு கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்தால் பிடிபடும். உண்மையான படிப்பு அங்கே இல்லை.

அதைச் சொன்னவர் எங்கள் தெருமுனை ஆல்டரேஷன் கடை பாய். பிளாட்பாரத்தில் ஒரு மெஷின், மேலே குடை, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. நான் தொழிலுக்குப் போட்டியாக வரப்போவதில்லை என்று உறுதியானபிறகு நிறையச் சொல்லிக்கொடுத்தார்.

"தைக்கிறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல பிரிக்கக் கத்துக்கோங்க" என்றார்.

ஆன்லைனில் வாங்கிய தையல் பிரிப்பானைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அவரிடம் பாதியாக உடைத்த பிளேடு இருந்தது. தையலின் ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக நூலைத் தொட்டுக்கொண்டே போனார். அப்புறம் துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலின் நுனியைப் பிடித்து இழுத்தார். நீளமாக ஒரே நூலாக உருவிக்கொண்டு வந்தது. துணியில் ஒரு கீறல் இல்லை. இரண்டு துணியையும் பிடித்து இழுத்து நடுவில் பிளேடை ஓட்டுவது வேகம்தான். ஆனால் பழைய துணியில் அப்படிச் செய்தால் நூலுக்கு முன்னால் துணி போய்விடும்.

பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் துணிக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. இப்போது சந்தையில் எந்தப் பேண்டை எடுத்தாலும் முதலில் உள்ளே திருப்பித்தான் பார்க்கிறேன். பின்பக்க நடுத்தையலை விரல் வைத்துத் தடவிப் பார்ப்பேன். தையல்காரர் தைத்த பேண்டாக இருந்தால் இடுப்பருகே தையலுக்கு அப்பால் ஒன்றரை அங்குலம் வரை துணி மடிந்து கிடக்கும். கீழே கவட்டையை நோக்கி வரவரக் குறைந்து அரை அங்குலமாகும். இடுப்புப்பட்டியையும் இரண்டு துண்டாகவே வைத்து நடுத்தையலோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். கால் மடிப்புக்குள் இரண்டு அங்குலம் வரை இருக்கும். அந்த ஆளுக்கு நாளைக்குத் தொப்பை விழும், அல்லது அவர் பையன் இதைப் போடுவான் என்று தெரிந்தே விட்ட துணி அது. பேண்ட் ஒருமுறை தைத்து முடிந்துபோகிற பொருள் இல்லை, இன்னும் இரண்டு மூன்று தடவை தன் கைக்கு வரும் என்று எண்ணித்தான் தையல்காரர் வெட்டியிருக்கிறார்.

ரெடிமேடில் அது கிடையாது. ஒரு பேண்டுக்கு ஒரு அங்குலம் மிச்சம் என்றால் லட்சம் பேண்டுக்கு எவ்வளவு என்று ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் நிலையில் அது நியாயம்தான். ஆனால் வாங்குகிறவனுக்கு உள்ளே சேமிப்பு ஏதும் இருக்காது. ஜீன்ஸ் இன்னும் மோசம். பின்தையலை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் அடித்து, இடுப்புப்பட்டியையும் ஒரே துண்டாக வைத்துவிடுகிறார்கள். உறுதிதான், ஆனால் உள்ளே கைவைக்க இடம் இல்லை. பெரும்பாலான ரெடிமேட் சட்டைகளின் பக்கத்தையலும் அப்படித்தான். சிறிதாக்கலாம், பெரிதாக்க முடியாது.

இடுப்பைப் பிடித்துச் சிறிதாக்கும் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய பேண்டில் அதிகம் தேவைப்படுவது அதுதான். முதலில் பின்னால் நடுவில் இருக்கும் பெல்ட் லூப்பைக் கழற்ற வேண்டும். பிறகு இடுப்புப்பட்டியின் உள் லைனிங்கை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மூன்று அங்குலத்துக்குப் பிரிக்க வேண்டும். இப்போது நடுத்தையல் முழுசாகத் தெரியும். மார்க்கிங் சாக்கால் இடுப்பில் எவ்வளவு வேண்டுமோ அங்கே தொடங்கி, கீழே கவட்டை வளைவுக்குச் சற்று மேலே பழைய தையலில் போய்ச் சேருகிற மாதிரி கோடு போடவேண்டும். கோடு மெல்லச் சரிந்து இறங்கவேண்டும். சட்டென்று திரும்பினால் உட்காரும் இடத்தில் கூம்பு மாதிரி துருத்தும். அந்தக் கோட்டில் கையால் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு, பேண்டை மாட்டிப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகுதான் மெஷின். தையலை இரண்டு முறை ஓட்டவேண்டும், உடம்பின் பாரம் முழுக்க அந்தத் தையலில்தான் இறங்குகிறது. பிரித்த பழைய தையலைச் சுத்தமாக உருவி, மடிப்பை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டு, லைனிங்கைக் கையால் தைத்து, லூப்பை வைத்துவிட்டால் முடிந்தது.

கணக்கில் ஒரு விஷயம். நடுத்தையலை ஒரு அங்குலம் உள்ளே தள்ளினால் இடுப்பு இரண்டு அங்குலம் குறையும், இரண்டு பாதியிலும் ஒவ்வொரு அங்குலம் போகிறதல்லவா. அதற்குமேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடத் தொடங்கும். சட்டையில் இது இன்னும் வேகமாக ஏறும். பக்கத்தையலில் அரை அங்குலம் பிடிக்கிறோம் என்றால் முன்பக்கம் அரை, பின்பக்கம் அரை. அது ஒரு விலாவுக்கு. இரண்டு விலாவுக்கும் சேர்த்து சுற்றளவில் இரண்டு அங்குலம் காணாமல் போயிருக்கும். அரை அங்குலம்தானே என்று துணிச்சலாக முக்கால் பிடிக்கிறவர்கள் மூச்சை அடக்கித்தான் பொத்தான் போடவேண்டும்.

அளவை உடம்பில் எடுக்காதீர்கள். நம்மை நாமே இன்ச் டேப்பால் அளக்கும்போது வயிறு தானாக உள்ளே போய்விடும். தையல்கடைக்குப் போகும்போது அளவு சட்டை எடுத்துக்கொண்டு போவோமே, அதைவிட நல்ல முறை கிடையாது. நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டை, ஒரு பேண்டை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அக்குள், மார்பு, இடுப்பு, தொடை, முட்டி, கால்நுனி (பாட்டம்) எல்லாவற்றையும் மேஜையில் விரித்து அதோடு ஒப்பிட்டுக் கோடு போட்டால் போதும். சந்தைக்குப் போகும்போதும் அந்த அளவுகளை ஃபோனில் எழுதி வைத்திருப்பேன், லேபிளில் இருக்கும் சைஸ் நம்பரை நம்புவதில்லை.

கால் அகலம் குறைப்பது பார்க்க எளிது, ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் தைத்த, முன்னால் ப்ளீட் வைத்த அகலப் பேண்டுகள் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. துணி நல்ல துணி. பாட்டத்தை ஒல்லியாக்கலாம் என்று உள்தையலில் மட்டும் பிடித்தால் முன்பக்க இஸ்திரி மடிப்பு நடுக்காலை விட்டு விலகிப் போய்விடும். உள்ளே எவ்வளவோ வெளியேயும் அவ்வளவு பிடிக்கவேண்டும். பருத்தியாக இருந்தால் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுப் புது மடிப்பு வைத்துக்கொள்ளலாம். டெரிகாட்டனில் அது நடக்காது. அதில் பருத்தியோடு கலந்திருப்பது டெரிலின் என்ற பாலியஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த அந்த டெரிலினின் பெருமையே, சூட்டில் ஒருமுறை வைத்த மடிப்பு எத்தனை துவைத்தாலும் நிற்கும் என்பதுதான். நம் அப்பாக்கள் அதற்காகத்தான் ஆசைப்பட்டு வாங்கினார்கள். முப்பது வருஷம் கழித்து அதே பெருமை என் கழுத்தை அறுக்கிறது. ஊசித்துளையும் அப்படியே, பருத்தியில் துவைத்தால் மூடிக்கொள்ளும், பாலியஸ்டர் கலந்ததில் வரிசையாகத் தெரிந்துகொண்டே இருக்கும். சந்தேகமாக இருந்தால் உள்ளிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலானால் பருத்தி, உருகிக் கறுப்பு மணியானால் பாலியஸ்டர்.

எனக்கு மிகப் பிடித்த வேலை காலர் திருப்புவது. இப்போது யாரும் செய்வதில்லை. ஒரு காலத்தில் ஆபீஸ் போகிறவர்கள் வீட்டில் இது சாதாரணமாக நடந்த காரியம். சட்டையில் முதலில் தேய்வது கழுத்து மடிப்புதான். தாடி முளையும் வேர்வையும் உரசி அந்த மடிப்பில் நூல் நூலாகக் கிளம்பும், மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். சந்தையில் இப்படிப்பட்ட சட்டைகளைத்தான் விலை இல்லாமல் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள்.

காலர் என்பது மேலே மடிகிற இலை, அதன் அடியில் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி என்று இரண்டு துண்டு. பட்டியின் இரண்டு அடுக்குக்கு நடுவில் இலை செருகியிருக்கும். பட்டியின் மேல் விளிம்புத் தையலை மட்டும் பிரித்தால் இலை தனியாகக் கையோடு வந்துவிடும். பிரிக்குமுன் இரண்டையும் பாதியாக மடித்து நடுவில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் வெயிலே காணாத நிறத்தில் பளிச்சென்று இருக்கும். தேய்ந்த பக்கம் கீழே போக, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மறுபடி செருகி, ஓட்டுத்தையல் போட்டு, பழைய ஊசித்துளை வழியாகவே மெஷினை நடத்தவேண்டும். இரண்டு ஓரமும்தான் கஷ்டம். இந்தப் பக்கம் பொத்தானிலிருந்து எவ்வளவு தள்ளி இலை தொடங்குகிறதோ அந்தப் பக்கம் காஜாவிலிருந்தும் அவ்வளவே இருக்கவேண்டும். ஒரு நூல் வித்தியாசம் வந்தாலும் கண்ணாடியில் கழுத்து கோணலாகத் தெரியும்.

இப்படி ஒரு வெளிர்நீலச் சட்டையைப் பிரித்தபோது பட்டியின் உள்பக்கம் கறுப்பாகச் சின்னதாக ஒரு குறி: இரண்டு கோடு, ஒரு புள்ளி. சலவைக்காரர் போட்ட அடையாளம். சேங்கொட்டைச் சாற்றில் போடுகிற குறி, வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. என் சுடுதண்ணீருக்கும் அது மசியவில்லை. யார் போட்டதோ என்று கேட்கிறவர்களுக்கு இப்போது காட்ட ஒரு விலாசம் இருக்கிறது, படிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

எல்லாக் காலரையும் திருப்ப முடியாது. நுனியில் பொத்தான் போடும் காலரில் காஜாவின் பின்பக்கம் மேலே வந்து தெரியும். பிளாஸ்டிக் பட்டை செருகுகிற காலரில் அந்தப் பொந்து வெளியே வந்துவிடும். காலர் கீழ்நோக்கிக் குவிந்து படியட்டும் என்று அடித்துணியைக் கொஞ்சம் சிறிதாக வெட்டியிருப்பார்கள். புரட்டியதும் அதுவே நுனியை மேலே தூக்கப் பார்க்கும். ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டு, சூடு ஆறுவதற்குள் கையால் வளைத்துப் பிடித்தால் ஓரளவு அடங்கும்.

கை நீளத்தைக் கஃப் பக்கமாகக் குறைக்க நான் மெனக்கெடுவதில்லை. பட்டி, பிளவு, காஜா எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். சென்னை வெயிலுக்கு அரைக்கைதான் லாயக்கு. வெட்டி ஒரு அங்குலம் மடித்து அடித்தால் வேலை முடிந்தது, மிச்சக் கைத்துணியைப் பத்திரமாக வைத்தால் பாக்கெட் கிழிசலுக்கோ, திருப்ப முடியாத காலருக்குப் புது மேல்துணியாகவோ பயன்படும்.

தோள்பட்டையில் மட்டும் கை வைப்பதே இல்லை. தோள்தையல் எலும்பைத் தாண்டி அரை அங்குலத்துக்குமேல் தொங்கினால் எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் குவியலிலேயே போட்டுவிடுவேன். கோட்டும் அப்படித்தான், உள்ளே கேன்வாஸும் பேடும் லைனிங்கும் சேர்ந்து அது ஒரு கட்டடம், கை நீளம் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திருப்பூர் டீ-ஷர்ட் வகையறா இழுபடுகிற பின்னல் துணி, துணியோடு சேர்ந்து இழுபடும் ஓவர்லாக் தையல் இல்லாத நேர்த்தையல் மெஷினில் ஓட்டினால் தலையை நுழைக்கும்போதே தையல் தெறிக்கும். உட்காரும் இடத்தையும் முட்டியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சல்லடையாகத் தெரிந்தால் அதுவும் வேண்டாம். அக்குளில் மஞ்சள் கறை இருந்தால் பேரம்கூடப் பேசவேண்டாம்.

போன மாசம் எனக்கென்று ஒரு பேண்ட் துணி எடுத்துப் புதிதாகவே தைக்கக் கொடுத்தேன், உள்ளே ஒன்றரை அங்குலம் விடுங்கள் என்று சொல்லி. கடைக்காரர் துணியை அளந்தபடியே, "வேஸ்ட் சார், இப்ப யாரு பிரிச்சுத் தைக்கிறாங்க?" என்றார். கூடுதலாகப் பத்து சென்டிமீட்டர் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். சந்தையிலும் தையல்காரர் லேபிள் வைத்த பேண்ட் குறைந்துகொண்டேதான் வருகிறது, குவியலில் முக்கால்வாசி ரெடிமேட். லேபிள் கண்ணில் பட்டால் சைஸ்கூடப் பார்க்காமல் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே துணி எவ்வளவு என்று அப்புறம் தடவிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குமுன் போனால் கிடைக்கும், அதற்குமேல் வெயிலும் கூட்டமும் தாங்காது.